ஐப்பசி, கார்த்திகையில் செட்டிநாடு: குழந்தைகளோடு எப்போது வருவது நல்லது?

கோவைக்காரி கேட்டது:

வணக்கம். நாங்கள் கோயம்புத்தூர். ஊட்டி, வால்பாறை என்று போய்ப் போய் அலுத்துவிட்டது. இந்த வருஷம் பூஜை விடுமுறையிலோ தீபாவளியை ஒட்டியோ காரைக்குடிப் பக்கம் மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது.

வருபவர்கள்: நான், கணவர், 9 வயதுப் பையன், 5 வயதுப் பெண், முட்டி வலியோடு இருந்தாலும் கோயில் என்றதும் முதல் ஆளாக வண்டியில் ஏறி உட்காரும் என் மாமியார். சென்னையிலிருந்து கணவரின் நண்பரும் அவர் மனைவியும் சேர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. பழைய வீடு, சேலை, சாப்பாடு, சாயங்காலம் நிம்மதியாக உட்கார்ந்து பேசுவது, இவ்வளவுதான் அவர்கள் ஆசை.

வீடியோக்களில் தேடினால் எல்லோரும் அதே இரண்டு மூன்று பெரிய வீடுகளைக் காட்டிவிட்டு, ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து கோழி சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. அந்த மாதங்களில் அங்கே இருப்பவர்கள் என்ன கொண்டாடுகிறார்கள், அதில் வெளியூர்க்காரர்கள் கலந்துகொள்ள முடிவது எது, அதைச் சொல்லுங்கள். தீபாவளி அன்றே அங்கே இருந்தால் நன்றாக இருக்குமா? மழை கெடுத்துவிடுமா?

கோட்டையூர்க்காரன்:

தீபாவளி அன்றைக்கு வராதீர்கள். தயங்காமல் சொல்கிறேன். அது வீட்டுக்குள்ளே நடக்கிற பண்டிகை. விடிவதற்குள் எண்ணெய்க் குளியல், பலகாரம், புதுத்துணி, அப்புறம் சொந்தக்காரர் வீடு, அதோடு முடிந்தது. மெஸ்ஸில் சமைக்கிறவரும் தீபாவளி கொண்டாட வேண்டாமா? அன்று மதியம் நல்ல சாப்பாட்டுக்குக் காரைக்குடியைச் சுற்றி வர வேண்டியிருக்கும். தங்கும் விடுதியில் ஏதோ கிடைக்கும்தான். அதற்குக் கோயம்புத்தூரிலேயே இருந்துவிடலாம்.

வெளியூர்க்காரர் வந்து நின்று பார்க்கக் கூடியது தெருவில் நடப்பது. அப்படி இரண்டு நாள் இருக்கிறது. ஒன்று விஜயதசமி, இன்னொன்று திருக்கார்த்திகை.

விஜயதசமி சாயங்காலத்தை நாங்கள் மகர்நோன்பு என்போம். சாமி குதிரை வாகனத்தில் வில்லும் அம்புமாகப் புறப்பட்டு ஊர்ப் பொட்டலுக்கு வரும். காரைக்குடியில் மகர்நோன்புப் பொட்டல் என்றே இடம் இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். சாமி சார்பில் குருக்கள் அம்பு விடுவார். விழுகிற அம்பை எடுக்கப் பையன்கள் பாய்வதைப் பார்க்க வேண்டுமே! உங்கள் 9 வயதுக்காரன் அதில் கலந்துவிடுவான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தேவகோட்டையிலும் சுற்றுப்பக்கத்து ஊர்களிலும் இதே நாளில் நடக்கும். கொலு பார்ப்பதென்றால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடுங்கள். ஒன்று கவனியுங்கள்: விஜயதசமி பல வருஷம் புரட்டாசியில் வரும். இங்கே நிறைய வீட்டில் அந்த மாதம் கவிச்சி கிடையாது. கடையில் கிடைக்கும், ஆனால் யார் வீட்டிலாவது விருந்து என்றால் கோழியை எதிர்பார்க்க வேண்டாம். புரட்டாசிச் சனிக்கிழமை மாட்டினால் அரியக்குடி திருவேங்கடமுடையான் கோயில் பக்கம் காலை ஏழு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். அதற்கு மேல் மாமியாரால் நிற்க முடியாது, கூட்டம் அப்படி.

ஆனால் என்னைக் கேட்டால் கார்த்திகைதான். வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஒரு சுற்று அடித்து ஓய்ந்திருக்கும். ஊருணியெல்லாம் நிறைந்திருக்கும், வெயில் உறைக்காது. சித்திரையில் இங்கே வந்து மண்டையைப் பிளக்கிற வெயிலில் வீடு வீடாக நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

திருக்கார்த்திகை அன்று இருட்டுகிற நேரத்தில் சிவன் கோயில், முருகன் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். பனைமரத் துண்டை நட்டு, சுற்றிக் காய்ந்த பனையோலையைக் கட்டி, தீபம் காட்டிய பிறகு நெருப்பு வைப்பார்கள். மழை பெய்து ஓலை நனைந்திருந்தால் பற்ற நேரமாகும். பற்றிவிட்டால் சடசடவென்று மேலே ஏறிவிடும். குழந்தைகளைக் காற்று வருகிற பக்கமாக நிறுத்துங்கள், பொறி மறுபக்கம் பறக்கும். கிராமப் பக்கம் பனம்பூக் கரியைத் துணியில் பொதிந்து மட்டையில் கட்டி மாவலி சுற்றும் பையன்கள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அது கண்ணில் பட்டால் உங்கள் அதிர்ஷ்டம், தேடிப் போனால் கிடைக்காது. அன்று சாயங்காலம் பெரிய வீட்டுத் தெருக்களில் சும்மா நடந்தாலே போதும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குக்கூட யாராவது வந்து முகப்பில் அகல் ஏற்றிவிட்டுப் போவார்கள்.

அடுத்த நாள் காலை, குழந்தைகளை எழுப்பி வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரிலிருந்து மதுரை போகிற சாலையில் கொள்ளுக்குடிப்பட்டி. 1977இல் அறிவித்தது. நத்தைகொத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, உண்ணிக்கொக்கு எல்லாம் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டும். கண்மாயில் தண்ணீர் இருந்தால்தான் பறவை, ஆகையால் மழை பொய்த்த வருஷம் போகாதீர்கள். இந்த ஊர்க்காரர்கள் பறவைக்குத் தொந்தரவு என்று பல வருஷமாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. வனத்துறை அதற்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறது. உங்கள் பையனிடம் இதைச் சொல்லி, "நீ இருப்பாயா?" என்று கேளுங்கள். என் மகனிடம் கேட்டபோது மத்தாப்பு மட்டும் விடலாமா என்று பேரம் பேசினான்.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். மழை நாளில்தான் இந்த வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டன என்று புரியும். முகப்பைத் தாண்டி வளவுக்குள் போனால் நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் ஓடு உள்நோக்கிச் சரிந்திருக்கும். தண்ணீர் முழுக்க முற்றத்தில்தான் இறங்கும். அந்தக் காலத்தில் அண்டாக்களை வரிசையாக வைத்துப் பிடிப்பார்கள். எங்கள் அப்பத்தா முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைத்தான் பிடிக்கச் சொல்வார், ஓடு கழுவிப் போகட்டும் என்று. ஆத்தங்குடியில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே பார்க்க விடும் பெரிய வீட்டுக்கு மழை வருகிற மாதிரி இருக்கும்போது போங்கள். கானாடுகாத்தான் அரண்மனையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். வாசலில் நின்று வாதாட வேண்டாம், பலர் வாதாடிப் பார்த்தாயிற்று.

ஆத்தங்குடியிலேயே தரைக்கல் போடுகிற பட்டறையும் பாருங்கள். கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் அடித்து, அப்புறம் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். சூளையே கிடையாது. 5 வயதுப் பெண் அங்கேயே உட்கார்ந்துகொள்வாள்.

திருமயம் கோட்டை பையனுக்கு. 1687இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டியது, உச்சியில் பீரங்கி இருக்கிறது. பாறை ஈரமாக இருந்தால் ஏற விடாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:

கோட்டையூர்த் தம்பி தீபாவளிக்கு வராதே என்று சொல்லிவிட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆண்பிள்ளைகளுக்குத் தீபாவளி குளித்துச் சாப்பிடுவதோடு முடியும். எங்களுக்கு அது பத்து நாள் வேலை. அந்தப் பத்து நாளில் வந்து பாருங்கள் என்பேன் நான்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் காரைக்குடியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் எண்ணெய்ச் சட்டி வாசம்தான். பலகாரம் போட்டு விற்கிற வீடுகள் நிறைய. தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று ஆச்சிமார் தரையில் உட்கார்ந்து சுட்டுக்கொண்டிருப்பார்கள். அவசர நேரம், கேள்வி கேட்டுக்கொண்டு குறுக்கே நிற்கக் கூடாது. வாங்குகிற மாதிரிப் போய் ஓரமாக நின்றால் யாரும் போ என்று சொல்லமாட்டார்கள், குழந்தை கையில் ஒரு சீடையும் வந்துவிடும். நிறைய வேண்டுமென்றால் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் வாங்குகிறவர்களுக்கு உடைசல்தான்.

தீபாவளிக் காலையில் எங்கள் வீட்டில் உக்காரை, வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், உளுந்து வடை. உக்காரை பாசிப்பருப்பும் வெல்லமும் நெய்யும், பல் இல்லாதவர்களும் சாப்பிடலாம். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு எல்லோரும் கேட்பார்கள். பச்சரிசியை ஆழாக்கில் தலைதட்டி அளந்து, அதே ஆழாக்கின் மேல் உளுந்தைக் கோபுரமாக நிற்கிற மட்டும் வையுங்கள், அவ்வளவுதான் உளுந்து. இரண்டு மணி நேரம் ஊறினால் போதும். நைசாக ஆட்டி, கொஞ்சம் பால், உப்பு, ஒரு சிட்டிகைச் சீனி. புளிக்க விடக் கூடாது. சட்டியில் ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற வேண்டும். ஓரத்தில் சிவப்பு ஏறினால் உளுந்து குறைந்துவிட்டது என்று அர்த்தம். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல். இதை ஒரு கடையில் சாப்பிட்டுவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். சட்டியிலிருந்து தட்டுக்கு வந்த முதல் நிமிஷத்தில் சாப்பிட வேண்டும். அதற்கு வீட்டில்தான் இருக்க வேண்டும், அதனால் தெரிந்தவர் வீடு ஒன்று இருந்தால் தீபாவளிக்கு வாருங்கள் ஆத்தா. இல்லையென்றால் தம்பி சொன்னது சரி.

கூட வருகிற சென்னைப் பெண்ணுக்கு: கண்டாங்கிச் சேலை தறியிலேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள். காரைக்குடியில் நெய்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அரக்கு, மஞ்சள், கறுப்பு, அகலக் கரை, அதுதான் பழைய கண்டாங்கி. இப்போது எல்லா நிறத்திலும் போடுகிறார்கள், வெளிர்நீலத்தில்கூட. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் என் பேத்தி அதைத்தான் கட்டுகிறாள். பனையோலைக் கொட்டானும் வாங்குங்கள், பிளாஸ்டிக் பைக்கு வேலையில்லாமல் போகும். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. இனாமல் தூக்கு, மரவை, பர்மாப் பெட்டி எல்லாம் எங்கள் வீடுகளிலிருந்து போனதுதான். சொல்கிற விலைக்கு வாங்காதீர்கள். எனக்கு அந்தத் தெருவுக்குள் போகவே மனம் வராது.

வேன்காரன்:

வணக்கம் அக்கா. காரைக்குடியில் வேன் ஓட்டுகிறேன். கோயில், வீடு எல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ரோட்டைப் பற்றி நான் சொல்கிறேன்.

அக்டோபர் கடைசி வாரத்தில் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் தேதியைப் பார்த்து வாருங்கள். 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் நினைவு நாள், 1801இல் அவர்களைத் தூக்கிலிட்டது அன்றுதான். 27 காளையார்கோவிலில் அவர்களுடைய குருபூஜை. 30 ராமநாதபுரம் மாவட்டத்துப் பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இந்த நாட்களில் போலீஸ் பாதுகாப்பு அதிகம், ரோட்டை மாற்றி விடுவார்கள், வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு போடுவார்கள். மரியாதை செலுத்த வருகிறவர்களுக்கு அது பெரிய நாள். சுற்றிப் பார்க்க வந்த குடும்பம் குழந்தையோடு சோதனைச் சாவடியில் காத்துக் கிடக்க வேண்டாம். கலெக்டர் அலுவலக அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு, அந்தத் தேதியில் கானாடுகாத்தான், ஆத்தங்குடி, திருமயம் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்தால் திண்டுக்கல், நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழி நல்லது. வருகிற வழியிலேயே பிள்ளையார்பட்டியைப் பார்த்துவிடலாம், தனியாக ஒரு நாள் வேண்டாம். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அப்புறம் நாலு மணிக்குத்தான். வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் சரியாக ஒரு மணிக்கு வந்து வாசலில் நிற்கிறார்கள். நகரத்தார் (இந்தப் பக்கத்துச் செட்டியார்கள்) கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று சிலர் வருவார்கள். முடியும், ஆனால் குழந்தையை வைத்துக்கொண்டு வேண்டாம் அக்கா. வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி, இளையாத்தங்குடி மூன்று போதும்.

சென்னைக்காரர்களுக்குப் பல்லவன் ரயில். எழும்பூரில் மதியத்துக்கு மேல் ஏறினால் ராத்திரி காரைக்குடி. இப்போது முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, பண்டிகை நாள் என்றால் திறந்த அன்று காலையே போட்டுவிட வேண்டும்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. ஆச்சி, தெரிந்த வீடு இல்லை, அதனால் வெள்ளைப் பணியாரத்தைக் கோயம்புத்தூரிலேயே உங்கள் அளவில் போட்டுப் பார்க்கிறேன். திருக்கார்த்திகைக்கே வருவதாக முடிவு செய்திருக்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு நாள் லீவு போட வேண்டும், வகுப்பு ஆசிரியையிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

இரண்டு சந்தேகம். திருமயத்தில் நாங்கள் மேலே ஏறும்போது மாமியாரை எங்கே விடுவது? பிள்ளையார் நோன்பு என்று ஒன்று கேள்விப்பட்டேன், அதுவும் கார்த்திகையோடு வருமா, பார்க்கலாமா?

கோட்டையூர்க்காரன்:

திருமயத்தில் மாமியாருக்குத்தான் லாபம். மலையடிவாரத்திலேயே சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் சத்தியகிரீஸ்வரர் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் குடைவரை. பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்து முடிக்கவே நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் ஏறி இறங்கிவிடலாம். குன்றக்குடியில் படி ஏற முடியாது என்று வருத்தப்பட்டால் பட்டமங்கலம் கூட்டிப் போங்கள், சமதரை. சிவன் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேருக்கு அட்டமாசித்தி உபதேசித்த தலம். கார்த்திகை மாதத்தில் அங்கே போனதாக ஊரில் போய்ச் சொல்லிக்கொள்வார்.

நண்பர்களுக்குச் சாயங்கால வேலை ஏதும் திட்டம் போடாதீர்கள். பழைய வீட்டை விடுதியாக மாற்றிய இடம் ஒன்றில் தங்கினால் வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து தாயம் ஆடினால் போதும். எட்டு மணிக்கு மேல் கானாடுகாத்தானில் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் மதுரையில் தங்குவது நல்லது.

பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், மார்கழியில் வரும். அதனால் உங்கள் பயணத்தில் சேராது. அது நகரத்தார் வீட்டுக்குள் நடப்பது. மாவுப் பிள்ளையாரில் 21 இழைத் திரியை ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டு விழுங்குவோம். குழந்தைகளுக்கும் உண்டு.

பள்ளத்தூர் ஆச்சி:

வீட்டுக்குள் நடப்பதுதான். ஆனால் வெளியூரில் இருக்கிற நகரத்தார் சங்கங்களிலும் சேர்ந்து இழை எடுக்கிறார்கள் (அந்தச் சுடரை விழுங்குவதை அப்படிச் சொல்வோம்), கோயம்புத்தூரிலும் எங்கள் ஆட்கள் நிறைய. பக்கத்து வீட்டில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைக்குப் பொரியும் கருப்பட்டிப் பணியாரமும் கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். கோட்டையூர்த் தம்பி, சுடர் என்றதும் அந்தப் பெண் பயந்திருப்பாள். அது இழைமாவு, நெய்யும் வெல்லமும் பிசைந்தது. வாயை மூடினதும் அணைந்துவிடும் ஆத்தா.

வேன்காரன்:

அக்கா, கொள்ளுக்குடிப்பட்டிக்குக் காலை ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும், குழந்தைக்குச் சாப்பாடு கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே அந்த நேரத்துக்குக் கடை கிடையாது. திருக்கார்த்திகை அன்று சொக்கப்பனை நேரம் கோயிலுக்குக் கோயில் மாறும், காலையிலேயே கோயிலில் கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டு இடத்தில் பார்க்கலாம்.